இன்னாருக்கா, எல்லாருக்குமா? கல்வினியக் கலைச்சொற்கள் இழை

கல்லடியிலிருந்து

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

வாலிபர் வேதபாடத்துக்கான 40 பக்கக் கையேடு ஒன்று அச்சுக்குப் போகவிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கல்வினின் உபதேசம் இந்தத் தலைமுறையில் திரும்பவும் தலையெடுத்திருப்பதும் அதையொட்டிய வாதங்களும்தான் பொருள். 2006இல் அமெரிக்கக் கிறிஸ்தவ சஞ்சிகை ஒன்று இளைஞர்கள் கல்வின் பக்கம் திரும்புவதை முகப்புக் கட்டுரையாக வெளியிட்டது. 2009 மார்ச்சில் ‘டைம்’ சஞ்சிகை, உலகை மாற்றிக்கொண்டிருக்கும் பத்து எண்ணங்களில் ‘புதிய கல்வினிய’த்தை மூன்றாவதாக வைத்தது. அந்த அலை யூடியூப் வழியாக இங்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் கேட்பது ஆங்கிலப் பிரசங்கம், வாதாடுவது தமிழில். அந்த இடத்தில்தான் சொல் சறுக்குகிறது.

கல்வினியத்தின் ஐந்து கோட்பாடுகளுக்கும் (ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘டியூலிப்’ என்ற பூவின் பெயராகும்) இப்போது கையேட்டில் இருப்பவை: முழுச் சீரழிவு, நிபந்தனையற்ற தெரிந்துகொள்ளுதல், வரையறுக்கப்பட்ட பாவநிவாரணம், தடுக்கமுடியாத கிருபை, பரிசுத்தவான்களின் விடாமுயற்சி. ஐந்துக்கும் அடியில் ‘முன்குறிப்பு’, அதாவது இரட்சிப்படைவோரைத் தேவன் முன்னமே தீர்மானிப்பது. மீண்டும் தலையெடுத்ததற்கு ‘மறுமலர்ச்சி’ என்று ஒரு பக்கத்திலும் ‘எழுப்புதல்’ என்று இன்னொரு பக்கத்திலும் இருக்கிறது. எது நிற்கும், எது விழும் என்று சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து

தம்பி, முதலில் ‘முன்குறிப்பு’. வினையாக இருக்கும்வரை பழுதில்லை. ரோமர் 8:29இலும் எபேசியர் 1:5இலும் ‘முன்குறித்திருக்கிறார்’ என்றே பழைய மொழிபெயர்ப்பில் உண்டு. அதைப் பெயராக்கி ‘முன்குறிப்பு’ என்றதும் பொருள் மாறுகிறது. அச்சுத் தொழிலில் அது நூலின் முன்பக்கத்தில் போடும் குறிப்பு. நம்முடைய வீடுகளில் ‘குறிப்பு’ என்றால் சாதகம். கலியாணம் பேசும்போது குறிப்புப் பொருந்தியதா என்றுதான் கேட்பார்கள். ஆகவே ‘தேவனுடைய முன்குறிப்பு’ என்று எழுதினால் பிறந்த நேரம் பார்த்து எழுதிவைத்த ஏடு ஒன்று கண்முன்னே வரும். ‘முன்குறித்தல்’ என்று தொழிற்பெயராகவே வையுங்கள். செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த ‘-தல்’ காட்டும்.

அடுத்தது இதைவிட ஆபத்தானது. ‘தெரிந்துகொள்’ என்ற சொல்லுக்குப் பழைய பொருள் பொறுக்கி எடுப்பது, இன்றைய பொருள் அறிந்துகொள்வது. யோவான் 15:16ஐ எடுத்துப் பாருங்கள்: ‘நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்.’ பதினேழு வயதுப் பிள்ளையிடம் இதற்கு அர்த்தம் கேட்டால், ‘நீங்கள் என்னை அறியவில்லை, நான் உங்களை அறிந்தேன்’ என்று சொல்லும். பிள்ளையில் பிழையில்லை, சொல் நகர்ந்துவிட்டது. ஆனால் இந்த நகர்வு முழு விவாதத்தையும் ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. தேவன் தெரிவுசெய்தார் என்பது கல்வின் பக்கம். விசுவாசிப்பார்கள் என்று முன்னமே அறிந்து, அந்த அறிவின்படி ஏற்றார் என்பது கல்வினியத்தோடு முரண்பட்ட ஒல்லாந்து இறையியலாளர் ஆர்மினியசின் பக்கம். ‘தெரிந்துகொள்ளுதல்’ என்று போட்டால், வாசிக்கிறவர் தன்னை அறியாமலே இரண்டாவதற்குப் போய்விடுவார்.

அதற்கு நமக்கு வெளியே தேடவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ‘தேர்வு’ பரீட்சையையும் குறிப்பதால் அவர்களுக்குச் சிக்கல். இங்கே பரீட்சைக்குப் ‘பரீட்சை’ இருக்கிறது, பொறுக்கி எடுப்பதற்குத் ‘தெரிவு’ இருக்கிறது. ‘அணிக்குத் தெரிவானார்’ என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். வேதத்திலுள்ள அதே வேர்தான், பொருளும் பிசகாது. ‘நிபந்தனையற்ற தெரிவு’ என்று எழுதுங்கள். முதல்முறை வரும் இடத்தில் அடைப்புக்குள் ‘வேதத்தில்: தெரிந்துகொள்ளுதல்’ என்று போட்டால் வசனத்தைத் தேடுகிறவரும் தடுமாறமாட்டார்.

புளியந்தீவிலிருந்து

ஐயா சொன்ன ‘சாய்வு’தான் என்னுடைய கவலையும். மட்டக்களப்பில் புரட்டஸ்தாந்து கிறிஸ்தவத்தின் முதுகெலும்பு மெதடிஸ்த சபை. அதன் மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்து இறங்கியது 1814இல். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் பிள்ளைகளான நாங்கள் இந்த விவாதத்தில் மறுபக்கம். அதற்கு முன்னமே கல்வினியம் இங்கே வந்துபோனது என்பதையும் கையேட்டில் ஒரு வரி போடலாம். ஆர்மினியசின் வழிவந்தவர்களுக்கு மறுமொழியாகக் கல்வினிய நிலைப்பாட்டை வகுத்த ஒல்லாந்துச் சபையின் டோர்ட் சங்கம் 1618இல் கூடி 1619இல் முடிந்தது. 19 ஆண்டு கழித்து, 1638இல், ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுடைய சபை, அந்தச் சங்கம் வகுத்த டோர்ட் நியதிகளின்கீழ் இருந்த சபை.

ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஒரு சோதனை வையுங்கள். ‘நான் இதை ஏற்கிறேன்’ என்று ஒரு வாக்கியம், ‘நான் இதை மறுக்கிறேன்’ என்று இன்னொன்று. மறுக்கிறவன் வாயில் அந்தச் சொல் அவனை முட்டாளாகவோ அவபக்தனாகவோ காட்டினால் அது கலைச்சொல் அல்ல, பிரசாரம். ‘கிருபையின் உபதேசங்கள்’ என்று இந்த ஐந்துக்கும் ஒரு பொதுப்பெயர் கல்வினியர் வைத்திருக்கிறார்கள். ‘கிருபையின் உபதேசங்களை மறுக்கிறேன்’ என்று எந்த மெதடிஸ்தன் சொல்வான்? 1739இல் முன்குறித்தலுக்கு எதிராக வெஸ்லி செய்த பிரசங்கத்தின் தலைப்பே ‘இலவசக் கிருபை’. கிருபை என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் உரிமைகோரும்போது ஒரு பக்கத்துக்கு உறுதி எழுதிக் கொடுக்கக்கூடாது. ‘ஐந்து குறிப்புகள்’ என்றும் வேண்டாம், திரும்பவும் சாதகம். ‘ஐந்து தலைப்புகள்’ போதும்.

அதே சோதனையில் ‘மறுமலர்ச்சி’ விழும், அது புகழ்மொழி. ‘எழுப்புதல்’ அதைவிட மோசம், எழுப்புதல் கூட்டம் என்றால் இங்கே பெந்தெகொஸ்தே கூட்டம். ‘மீளெழுச்சி’ என்று வைத்தால் ஆதரிக்கிறவனும் எதிர்க்கிறவனும் சொல்லலாம்.

இன்னொன்று. முதலாவது தலைப்பில் சண்டை இருப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இல்லை. 1610இல் ஆர்மினியசின் வழிவந்தவர்கள் கொடுத்த ஐந்து பிரிவுகளில் மூன்றாவது, மனிதன் தன் சொந்தப் பலத்தால் இரட்சிப்புக்கான நன்மையை நினைக்கவும் செய்யவும் முடியாதவன் என்றே சொல்கிறது. வெஸ்லியும் அதையே பிரசங்கித்தார். பிளவு தொடங்குவது அதற்குப் பிறகு: அந்த இயலாமையைக் கிருபை எப்படி, யாருக்கு நீக்குகிறது என்பதில். எல்லாருக்கும் முந்திவரும் கிருபை என்பது எங்கள் பதில். அதற்கும் சொற்கோவையில் இடம் வேண்டும், ‘முந்து கிருபை’ என்று.

அக்கரைப்பற்றிலிருந்து

ஐயா, சோதனையை ஏற்றுக்கொள்கிறேன். நான் சீர்திருத்த விசுவாசத்தின், அதாவது கல்வினின், பக்கம் நிற்கிறவள். எங்கள் பக்கத்துக்கு அதிகம் அநியாயம் செய்வது ‘வரையறுக்கப்பட்ட பாவநிவாரணம்’. கடைப்பலகைகளில் கம்பனிப் பெயருக்குப் பின்னால் வருகிற ‘வரையறுக்கப்பட்டது’தான் அது. சிலுவைக்கு இவ்வளவுதான் பெறுமதி, இதற்குமேல் பொறுப்பில்லை என்பதுபோல ஒலிக்கிறது. டோர்ட் நியதிகள் நேர்மாறாகச் சொல்கின்றன. இரண்டாம் தலைப்பின் 3ஆம் பிரிவு: குமாரனுடைய மரணம் அளவில்லாத பெறுமதியுள்ளது, முழு உலகத்தின் பாவங்களையும் நிவிர்த்திசெய்யத் தாராளமாய்ப் போதுமானது. 8ஆம் பிரிவுதான் வேறுபாட்டைச் சொல்கிறது: அந்த மரணம் இரட்சிப்பைப் பலிக்கச்செய்வது தெரிவுசெய்யப்பட்டவர்களில், பிதாவின் நோக்கமும் அதுவே. அதாவது அளவில் வரையறை இல்லை, நோக்கத்தில் குறி இருக்கிறது. ஆகவே ‘குறித்த மீட்பு’ என்று வைக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து

மகள், விளக்கம் சரி, சொல் சரியில்லை. நம்முடைய பத்திரிகைகளில் ‘குறித்த நபர்’, ‘குறித்த வாகனம்’ என்றால் மேலே சொல்லப்பட்ட நபர், வாகனம். ‘குறித்த மீட்பு’ என்றால் எந்த மீட்பு, போன பந்தியில் சொன்னதா என்று கேட்பார்கள். ‘மீட்பைக் குறித்த’ என்று திரும்பினால் இன்னொரு பொருள். ‘தனிப்பட்ட மீட்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது என் சொந்த மனமாற்றத்தைக் குறிப்பதுபோலாகும்.

கேள்வி யாருக்காக என்பதுதானே. தமிழில் அதற்கு நேரான சொல் இருக்கிறது: இன்னார். ‘இன்னாருக்கான மீட்பு’. எதிர்க்கட்சிக்கு ‘எல்லாருக்குமான மீட்பு’. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை, ஒன்றைச் சொன்னால் மற்றது தானாக நினைவுக்கு வரும். மறுக்கும் வாக்கியம் வைத்துப் பாருங்கள்: ‘இன்னாருக்கான மீட்பை மறுக்கிறேன்.’ ‘எல்லாருக்குமான மீட்பை மறுக்கிறேன்.’ இருவருக்கும் மானம் போகவில்லை.

பழந்தமிழில் ‘இன்னார்’ பகைவரையும் குறிக்கும். தெரிந்தே சொல்கிறேன். நான்காம் வேற்றுமையோடு ‘இன்னாருக்கான’ என்று வரும்போது இன்றைய வாசகர் யாரும் அப்படி எடுக்கமாட்டார். எடுத்தாலும் ரோமர் 5:10 இருக்கிறது, சத்துருக்களாயிருக்கையில் ஒப்புரவாக்கப்பட்டோம் என்று.

மருதமுனையிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். இந்த இழையை ஒரு தமிழ் வாசகனாகப் பின்தொடர்கிறேன். இரண்டு விடயம்.

யாராவது ‘விதி’ அல்லது ‘முன்விதி’ என்று முன்மொழிவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், வேண்டாம். ஈமானின் (இஸ்லாமிய நம்பிக்கையின்) ஆறு அம்சங்களில் கத்ரை நம்புவது ஒன்று. தமிழில் அதை ‘விதி’ என்றே எங்கள் நூல்கள் எழுதுகின்றன, அந்த இருக்கையில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. சைவ வீட்டில் விதி என்றால் ஊழ், செய்த வினையின் பலன் வந்து சேர்வது. நீங்கள் சொல்லும் நிபந்தனையற்ற தெரிவு மனிதன் செய்த எதையும் பாராமல் நடப்பதென்றால், ஊழுக்கு அது நேர் எதிர். ஒரே சொல்லைப் போட்டால் வாசிப்பவர் தலைகீழாக விளங்கிக்கொள்வார்.

இரண்டாவது, ‘முழுச் சீரழிவு’. மனிதன் இதற்குமேல் கெடமுடியாத அளவு கெட்டவன் என்பதுதான் உங்கள் கொள்கையா?

அக்கரைப்பற்றிலிருந்து

இல்லை நானா. எவ்வளவு கெட்டான் என்பதல்ல, எங்கெங்கே கெட்டிருக்கிறான் என்பதுதான் ‘முழு’. புத்தி, சித்தம், பாசம் எதுவும் தப்பவில்லை. அயலானுக்கு உதவுகிற, பிள்ளையை அன்பாய் வளர்க்கிற அவிசுவாசியை இந்த உபதேசம் மறுக்கவில்லை. மட்டக்களப்பு வாவியை உவமையாகச் சொல்லலாம் என்று நினைத்தேன்: எங்கே அள்ளினாலும் உப்பு, ஆனால் கடலளவு உப்பில்லை.

புளியந்தீவிலிருந்து

மகள், வாவி சரிவராது. முகத்துவாரத்துக்குக் கிட்ட உப்பு, தெற்கே போகப்போகக் குறையும். மாரியில் வெள்ளம் வந்தால் தெற்குப் பக்கம் நன்னீர்போலவே ஆகிவிடும். ‘உப்பில்லாத இடமும் இருக்கே’ என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

மருதமுனையிலிருந்து

அப்படியென்றால் எங்கள் ஊர்த் தறியிலிருந்து எடுங்கள். நூலுக்கு முதலில் சாயம் ஏற்றிக் காயவைத்து, பிறகுதான் தறிக்குப் போகும். இளநீலச் சாரன் ஒன்றின் ஓரத்தைப் பிரித்து எந்த இழையை உருவினாலும் நீலம். நடுவில் வெட்டினாலும் நீலம். ஆனால் அது கடுநீலம் அல்ல. நெய்த துணியில் பிறகு அச்சடித்தால் முன்பக்கம்தான் நிறம், பின்பக்கம் வெளிறும். நீங்கள் சொல்வது நூற்சாயம், அச்சுச்சாயம் அல்ல.

களுவாஞ்சிகுடியிலிருந்து

நானாவின் உவமையைக் கையேட்டில் அப்படியே போடலாம். சொல், ‘முழுமனிதச் சீர்கேடு’. ‘முழு’ என்பது சீர்கேட்டைத் தழுவாமல் மனிதனைத் தழுவட்டும். ‘சீரழிவு’ வேண்டாம், அழிந்துபோனதைத் திருத்தமுடியாது.

புளியந்தீவிலிருந்து

‘இன்னார்’ பற்றி ஒரு தடை. ‘இன்னார் இனியார் என்று பாராமல்’ என்பது நம்முடைய வழக்கு. இன்னார் என்று பார்ப்பது குறை. குடி பார்த்துக் கோயில் முறை வகுக்கிற மண்ணில், ‘இன்னாருக்கான மீட்பு’ என்றதும் ‘இன்ன குடியாருக்கு’ என்று காதில் விழும். கல்வினியம் சொல்வது அதுவல்ல என்று நானே அறிவேன்.

அக்கரைப்பற்றிலிருந்து

அந்தத் தடை நியாயம், ஆனால் சொல்லை மாற்றினால் அது போய்விடாது. சிலரைத் தெரிவுசெய்தார் என்று எந்தச் சொல்லில் சொன்னாலும் கேட்கிறவர் முதலில் நினைப்பது அவர்களிடம் என்ன விசேஷம் என்பதுதான். அதற்கு மறுமொழி ‘நிபந்தனையற்ற’ என்ற அடைமொழியில் இருக்கிறது: குடி, நன்னடத்தை, முன்கண்ட விசுவாசம் எதுவும் காரணமல்ல. எனவே வரிசையை மாற்றுவோம். ஆங்கிலப் பூவின் எழுத்துக்காகத்தான் சீர்கேடு முதலில் வருகிறது. டோர்ட் நியதிகளில் முதல் தலைப்பு தெரிவு, இரண்டாவது கிறிஸ்துவின் மரணம், மூன்றாவதும் நான்காவதும் சேர்த்து மனிதனின் சீர்கேடும் மனந்திரும்புதலும், ஐந்தாவது நிலைத்திருத்தல். அந்த ஒழுங்கில் போட்டால் ‘நிபந்தனையற்ற தெரிவு’ படித்த கையோடு ‘இன்னாருக்கான மீட்பு’ வரும். தமிழில் பூவும் தேவையில்லை.

‘தடுக்கமுடியாத கிருபை’யையும் விடவேண்டும். அப்போஸ்தலர் 7:51 பரிசுத்த ஆவிக்கு எதிர்த்து நிற்பதைச் சொல்கிறது. எதிர்ப்பு உண்டு, கடைசியில் கிருபை வெல்லும் என்பதே எங்கள் கொள்கை. நியதிகளின் மூன்றாம்-நான்காம் தலைப்பு, 16ஆம் பிரிவு: கிருபை மனிதரைக் கல்லும் கட்டையுமாக நடத்துவதில்லை, சித்தத்தை அழிப்பதில்லை, உயிர்ப்பித்துக் குணமாக்குகிறது. ‘வெல்லும் கிருபை’ என்கிறேன்.

புளியந்தீவிலிருந்து

வெல்லும் என்று நாங்களும் பாடுகிறோமே. ‘தவறாது வெல்லும் கிருபை’ என்று வை, அப்போதுதான் வேறுபாடு தெரியும். எங்கள் பக்கத்துக்கு ‘மறுக்கப்படக்கூடிய கிருபை’. ‘இன்னாருக்கான’ தடையை மீளப்பெறுகிறேன், வரிசை மாறினால் மட்டும்.

கல்லடியிலிருந்து

வரிசையை மாற்றிவிட்டேன் ஐயா. இப்போது கையேட்டில்: நிபந்தனையற்ற தெரிவு, இன்னாருக்கான மீட்பு, முழுமனிதச் சீர்கேடு, தவறாது வெல்லும் கிருபை, பரிசுத்தவான்களின் நிலைத்திருத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே மறுபக்கச் சொல்லும் இரண்டு சோதனை வாக்கியமும். ‘விடாமுயற்சி’யை யாரும் பேசாமலே எடுத்துவிட்டேன், காப்பது தேவன் என்ற உபதேசத்துக்கு மனித முயற்சியின் பெயர் வைத்திருந்தோம். தாவீதும் பேதுருவும் விழுந்ததை ஐந்தாம் தலைப்பு 4ஆம் பிரிவு சொல்வதையும் சேர்த்தேன், ‘ஒருமுறை கைதூக்கினால் போதும்’ என்று எடுக்காமலிருக்க.

கணினியில் ஒரே அடியாக மாற்றப்போகிறவருக்கு: ‘தெரிந்துகொள்’ வசன மேற்கோளுக்குள்ளும் வருகிறது, அங்கே கைவைக்கவேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றவும். ‘முன்குறிப்பு’ 14 இடங்களில் ‘முன்குறித்தல்’ ஆகவேண்டும். 15ஆவது முதற்பக்கத்தில் முன்னுரையின் தலைப்பாக நிற்கிறது, அதை மட்டும் ‘முன்னுரை’ என்று போடவும்.