சிறு நிறுவனத்தில் முதல் கணக்கர் வேலை: தொடக்க இருப்பு தணிக்கைக் கணக்கோடு ஒத்துவரவில்லை, உதவி தேவை

செம்பனைத்துளிர் (ஊத்தான் மெலிந்தாங்):

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா முடித்து, எங்கள் ஊரிலேயே ஒரு சிறு நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்திருக்கிறேன். சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைப் பழக்குலைகளை வாங்கி, சொந்த லாரிகளில் ஆலைக்கு அனுப்புவதே நிறுவனத்தின் தொழில். சென்டிரியான் பெர்ஹாட்டாக (தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனமாக) மலேசியாவில் பதிவு பெற்றிருந்தாலும், அலுவலகத்தில் இருப்பவர்கள் முதலாளியும் அவருடைய மனைவியும் நானும் மட்டுமே. எனக்கு முன்பு கணக்கு எழுதியவர் திருமணமாகி வேறு மாநிலத்துக்குச் சென்றுவிட்டார். அவர் விட்டுச் சென்றவை கோப்புகளும் கணினியில் உள்ள கணக்கும்தான். அருகில் அமர்ந்து சொல்லித்தர யாரும் இல்லை.

கணினியில் ஜனவரி 1ஆம் தேதிக்குரிய தக்கவைத்த இலாபம் (முந்தைய ஆண்டுகளில் சேர்ந்து, பங்கிடாமல் நிறுவனத்திலேயே வைத்திருக்கும் இலாபம்), தணிக்கையாளர் கையெழுத்திட்ட நிதி அறிக்கையில் உள்ள தொகையைவிட 18,640 வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாக இருக்கிறது. ஆனால் எல்லாக் கணக்குகளின் இருப்பையும் அடுக்கிக் காட்டும் இருப்பாய்வுப் பட்டியலில் பற்றும் வரவும் சரியாக ஒத்துப்போகின்றன. மென்பொருளும் எந்தப் பிழையையும் காட்டவில்லை. வித்தியாசத் தொகைக்கு ஒரே பதிவு போட்டுச் சரிசெய்துவிடலாமா என்று யோசித்தேன், ஆனால் காரணம் தெரியாமல் தொடுவதற்குத் தயக்கமாக உள்ளது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதலாளி வீட்டுத் தேவைக்காகப் பணப்பெட்டியிலிருந்து எடுக்கும் தொகை இதுவரை 'பலவகைச் செலவு' என்று எழுதப்பட்டு வந்துள்ளது. சிறுதோட்டக்காரர்களுக்குப் பழம் வெட்டுவதற்கு முன்பே கொடுக்கும் முன்பணம் 'கொள்முதல்' என்று பதிவாகியுள்ளது. வயதில் பெரியவரான முதலாளியிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது? முதல் மாதத்தில் நான் தவறவிடக் கூடாத வேலைகள் எவை என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈப்போ தணிக்கை உதவியாளர்:

தங்கைக்கு வணக்கம். அந்த ஒற்றைப் பதிவை மட்டும் தயவுசெய்து போட வேண்டாம். பற்றும் வரவும் ஒத்துப்போவதால் கணக்கு சரி என்று ஆகிவிடாது. ஒரு பதிவு முழுமையாகவே விடுபட்டிருந்தால் இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். உங்கள் நிலையில் அதுதான் நடந்திருக்கும் என்று எண்ணுகிறேன். தணிக்கை முடியும்போது தணிக்கையாளர் சில சரிக்கட்டும் பதிவுகளைச் செய்து, அவற்றின் பட்டியலை நிறுவனத்துக்கு அனுப்புவார். அந்தப் பதிவுகளை நிறுவனமும் தன் கணக்கில் ஏற்றியாக வேண்டும். சிறிய நிறுவனங்களில் அந்தத் தாள் நிதி அறிக்கையோடு கோப்பில் போய்ச் சேர்ந்துவிடும். கணினிக்கு வந்து சேராது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் நான் மிகுதியாகக் காண்பது இந்த ஒன்றைத்தான்.

ஆகவே தணிக்கை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, சென்ற ஆண்டின் சரிக்கட்டும் பதிவுகளின் பட்டியலும் இறுதி இருப்பாய்வும் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, அவை உங்கள் நிறுவனத்துக்கு உரியவை. கையில் கிடைத்ததும் இலாபத் தொகையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கணக்காகக் கணினியில் உள்ள இருப்போடு ஒப்பிட்டு வாருங்கள். லாரி இருக்கும் நிறுவனம் என்பதால் முதலில் தேய்மானத்தையும் (பயன்பாட்டால் ஆண்டுதோறும் குறையும் லாரி மதிப்பு), அடுத்துத் தவணைக் கொள்முதல் வட்டியையும், அதன்பின் ஆண்டு முடிவில் கொடுபட வேண்டியிருந்த கட்டணங்களையும் பாருங்கள்.

சென்ற ஆண்டுக் கணக்கு மென்பொருளில் இன்னும் முடிக்கப்படாமல் இருந்தால், அந்தப் பதிவுகளை டிசம்பர் 31ஆம் தேதியிட்டே ஏற்றலாம், இருப்பு தானாகப் புதிய ஆண்டுக்கு வந்துவிடும். முடிக்கப்பட்டிருந்தால் ஜனவரி 1ஆம் தேதியிட்டு, செலவுக் கணக்குகளுக்குப் பதிலாகத் தக்கவைத்த இலாபத்தில் பற்று எழுதி, சொத்து அல்லது கடன் கணக்கில் வரவு எழுத வேண்டும். இல்லாவிட்டால் போன ஆண்டின் செலவு இந்த ஆண்டின் இலாபத்தைக் குறைத்துக் காட்டும். தொடுவதற்கு முன் கணக்குக் கோப்பின் நகலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கிராணி (பாகான் டத்தோ):

மகளே, தோட்ட அலுவலகத்தில் நீண்ட காலம் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முன்பணத்தைப் பற்றியும் முதலாளியிடம் பேசுவதைப் பற்றியும் எழுதுகிறேன்.

முன்பணம் என்பது பழம் உங்கள் கைக்கு வரும்வரை அந்தச் சிறுதோட்டக்காரர் நிறுவனத்துக்குத் தர வேண்டிய கடனே ஆகும். அதைக் கொள்முதல் என்று எழுதிவிட்டு, பழம் வந்த நாளில் முழு விலைக்கும் மறுபடியும் கொள்முதல் எழுதினால், ஒரே பழத்தை இரண்டு முறை வாங்கியதாகிவிடும். ஒவ்வொருவர் பெயரிலும் முன்பணக் கணக்கு ஒன்றைத் திறந்து, அவர் கொண்டுவரும் பழத்தின் விலையில் கழித்துக்கொண்டு வாருங்கள். கொள்முதல் வவுச்சரில் எடை, அன்றைய விலை, பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து ஆகியவற்றோடு, அவருக்கு மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் வழங்கிய உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

ஆலையின் எடைச்சீட்டையும் உங்கள் கொள்முதல் வவுச்சர்களையும் நடைக்கு நடை ஒப்பிட்டுப் பாருங்கள். இரவு தங்கிய பழம் ஈரம் இழந்து எடை குறையும்; காய் மிகுந்திருந்தால் ஆலையிலும் கழிவு போடுவார்கள். இயல்பான குறைவு எவ்வளவு என்பது சில மாதத்துச் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும், அதைத் தாண்டும் நாளில் முதலாளியிடம் சொல்லலாம். இந்தத் தொழிலில் இலாபமோ நட்டமோ தங்கியிருப்பது எடையில்தான். பாடநூலில் இதற்கு இடம் இல்லை என்பதால் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

முதலாளியிடம் "ஏன் எடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். அவர் தம் உழைப்பில் கட்டிய நிறுவனம் அது. மாலையில் பணப்பெட்டியை எண்ணி முடித்த பிறகு, "ஐயா, இன்று எடுத்த தொகையை உங்கள் பெயரில் உள்ள இயக்குநர் கணக்கில் எழுதட்டுமா, இல்லை நிறுவனச் செலவா?" என்று கேளுங்கள். மாதக் கடைசியில் அந்தக் கணக்கை ஒரு தாளில் அச்சிட்டு அவரிடம் கொடுங்கள். அவரே சொந்தப் பணத்தை நிறுவனத்துக்குள் போட்டிருக்கவும் கூடும், அதுவும் அந்தத் தாளில் வரவாகத் தெரியும்போது அவருக்கு இந்த ஏற்பாட்டின் நன்மை புரியும்.

ஈப்போ தணிக்கை உதவியாளர்:

ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்து இயக்குநருக்குக் கடன் கொடுத்து, வட்டி வாங்காமல் விட்டாலும், வருமான வரிச் சட்டப்படி வட்டி கிடைத்ததாகவே கணக்கிடப்படும். எனவே இயக்குநர் கணக்கில் பற்று இருப்பு, அதாவது அவர் நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகை, வளர்ந்துகொண்டே போனால், ஆண்டு முடிவு வரை காத்திராமல் வரி முகவரிடம் தெரிவியுங்கள்.

சம்பளக்கணக்கு அக்கா (சுங்கை பட்டாணி):

தங்கை, சம்பள மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஊழியர் சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வேலை காப்புறுதி, மாத வருமான வரிப் பிடித்தம் ஆகிய அனைத்தும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்தப்பட வேண்டும். 5,000 வெள்ளி வரையிலான சம்பளத்துக்கு, பொதுவாக 60 வயதுக்கு உட்பட்ட உள்நாட்டுத் தொழிலாளரின் சேமநிதிப் பங்கு 11 விழுக்காடு, முதலாளியின் பங்கு 13 விழுக்காடு. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால், 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து இரு தரப்பும் 2 விழுக்காடு செலுத்துகின்றன. பழைய கோப்பைப் பார்த்து எழுதினால் இது விடுபட்டுப் போகும். லாரியில் பழம் ஏற்றுபவர்களுக்கு டன் கணக்கில் கூலி கொடுத்தாலும், குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். ஊழியரின் சென்ற ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டும் ஈ.ஏ. பாரம் பிப்ரவரி இறுதிக்குள் ஊழியர் கைக்குச் சேர வேண்டும்.

செம்பனைத்துளிர்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தணிக்கை அலுவலகத்தில் கேட்ட அன்றே பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். தேய்மானம் 14,200 வெள்ளி, லாரித் தவணை வட்டி 3,240 வெள்ளி, கொடுபட வேண்டிய தணிக்கைக் கட்டணம் 1,200 வெள்ளி. கூட்டினால் சரியாக 18,640 வருகிறது. சென்ற ஆண்டுக் கணக்கு முடிக்கப்படாமல் இருந்ததால், நகல் எடுத்த பிறகு டிசம்பர் 31 தேதியிட்டு மூன்றையும் ஏற்றினேன். ஒவ்வொரு கணக்கின் இருப்பும் இப்போது ஒத்துப்போகிறது. முதலாளியும் இயக்குநர் கணக்குக்குச் சம்மதித்துவிட்டார்.

இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. லாரித் தவணையில் மாதாமாதம் வட்டியை எப்படிப் பிரிப்பது? நம் கணக்கையும் வங்கி அறிக்கையையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலில், கொடுத்தும் வங்கிக்கு வராத பழைய காசோலைகள் சில இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது?

ஈப்போ தணிக்கை உதவியாளர்:

வட்டியைப் பிரிக்க ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உள்ளதால் நீங்களே புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தணிக்கையாளர் ஒவ்வொரு லாரிக்கும் தவணை முடியும்வரை மாத வாரியாக ஓர் அட்டவணை வைத்திருப்பார். அதையே பெற்று, அதில் உள்ளபடி அசலைக் கடன் கணக்கிலும் வட்டியைச் செலவிலும் எழுதுங்கள்.

காசோலை எழுதிய தேதியிலிருந்து 6 மாதம் கடந்துவிட்டால் வங்கி அதை ஏற்காது. அப்படிப்பட்டவற்றை வங்கிக் கணக்கில் மறுபதிவாகத் திருப்பி, பெற வேண்டியவர் பெயரிலேயே கொடுபட வேண்டிய தொகையாக எழுதுங்கள். வருமானம் என்று எழுதிவிடக் கூடாது, ஏனெனில் அவருக்குத் தர வேண்டிய பணம் அப்படியே இருக்கிறது. பிறகு அவரைத் தொடர்புகொண்டு, பழைய காசோலையைத் திரும்பப் பெற்று, புதிதாக ஒன்றைக் கொடுங்கள்.