ஹெவி மெட்டலுக்கு முதல் எலக்ட்ரிக் கிட்டார்: ஃப்ளாய்ட் ரோஸா, நிலையான பிரிட்ஜா?

வீணைவிரல் (கானாடுகாத்தான்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிறு வயதில் காரைக்குடியில் வீணை கற்றவன் நான். இப்போது பிளாக் சபாத், மெட்டாலிக்கா ஆகிய குழுக்களின் இசையில் மனம் ஊன்றிவிட்டதால், கிட்டாரும் ஆம்பும் (ஒலிபெருக்கியும்) சேர்த்து 35,000 ரூபாய்க்குள் வாங்கலாம் என்றிருக்கிறேன். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், கைப்பிடியால் அசைக்கக்கூடிய ஃப்ளாய்ட் ரோஸ் வகையாக உள்ள கிட்டார்தான் மெட்டலுக்கு ஏற்றது என்று சிலர் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அது வேண்டாம் என்று வேறு சிலர் தடுக்கிறார்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்களுடையது பழைய வீடு. நண்பரின் கிட்டாரை இங்கே இணைத்துப் பார்த்தபோது ஆம்ப் ஓயாமல் இரைந்தது. கம்பியில் விரல் பட்டதும் இரைச்சல் கூடியதோடு, விரலிலும் சுருக்கென்று இருந்தது. இது கிட்டாரின் குறையா?

ஈயப்பற்று (தேவகோட்டை) எழுதியது:

ஐயா, இரண்டாவதாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது உயிர் தொடர்பானது. எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக உள்ளே ஒரு வயரால் இணைக்கப்பட்டு, கேபிளின் வெளியுறை வழியாக ஆம்பின் உலோகப் பெட்டியோடும், அங்கிருந்து மூன்றாவது பின் வழியாக மண்ணோடும் தொடர்பு கொள்கின்றன. இந்தத் தொடர் சரியாக இருந்தால், கம்பியைத் தொட்டவுடன் இரைச்சல் குறைய வேண்டும். உங்களுக்குக் கூடியது என்பதும், சுருக்கென்று இருந்தது என்பதும் எர்த் இல்லை என்பதையே பெரும்பாலும் காட்டுகின்றன. நம் பகுதியின் பழைய வீடுகளில், பிற்காலத்தில் மூன்று துளைச் சாக்கெட்டைப் பொருத்தியிருப்பார்களே தவிர, மேலே உள்ள பெரிய துளைக்கு வயரே போயிருக்காது.

உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனை அழைத்து, கரியும் உப்பும் இட்ட முறையான எர்த் குழி ஒன்றை அமைத்து, வாசிக்கப்போகும் அறையின் சாக்கெட்டுக்கு அதிலிருந்து தனி வயர் இழுக்கச் சொல்லுங்கள். குழி தோண்டும் வேலையைத் தவிர்ப்பதற்காக நியூட்ரலையே எர்த் துளையில் இணைத்துவிட்டுப் போவதற்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கம்பிகளில் முழு மின்சாரமும் பாயும். நம் செம்மண் கோடையில் காய்ந்து இறுகிவிடும் என்பதால், அந்த மாதங்களில் குழிக்குத் தண்ணீர் ஊற்றிவருவதும் அவசியம். கூடவே, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் பொருத்திவிடுங்கள். இவை முடியும்வரை அந்த வீட்டில் கிட்டாரை ஆம்போடு இணைக்கவே வேண்டாம்.

எர்த் சரியான பிறகும், ஃபேன் ரெகுலேட்டரிலிருந்தும் டியூப்லைட் சோக்கிலிருந்தும் ஓரளவு இரைச்சல் வரும். மெட்டலுக்கு ஆம்பில் கெய்னை (ஒலிக்குறிப்பைப் பெருக்கும் அளவை) மிகவும் உயர்த்தி வைப்பதால், அந்தச் சிறு இரைச்சலும் பன்மடங்கு பெருகிக் கேட்கும். ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் இரட்டைச் சுருள் பாகம்) வேண்டும் என்பது இதனால்தான். கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் உருவாக்கிய அந்த அமைப்பில், இரண்டு சுருள்கள் எதிரெதிர்த் திசையிலும் அவற்றின் காந்தங்கள் எதிரெதிர்த் துருவத்திலும் அமைந்திருக்கின்றன. அதனால் வெளியிலிருந்து புகும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, கம்பியின் ஒலி மட்டும் கூடி வருகிறது. பிரிட்ஜ் பக்கத்தில் ஹம்பக்கர் இல்லாத கிட்டாரை மெட்டலுக்காக வாங்காதீர்கள்.

இருபத்துநான்குமெட்டு (பள்ளத்தூர்) எழுதியது:

எர்த் பற்றி மேலே உள்ள நண்பர் சொன்னதற்குமேல் சேர்க்க ஒன்றுமில்லை. நானும் வீணையிலிருந்து கிட்டாருக்கு வந்தவன் என்பதால் பிரிட்ஜ் பற்றி எழுதுகிறேன்.

ஃப்ளாய்ட் ரோஸ், பின்புறம் உள்ள சுருள்வில்களின் இழுவையும் முன்புறக் கம்பிகளின் இழுவையும் சமமாக நிற்கும் தராசு போன்றது. ஒரு கம்பியை நீங்கள் வளைத்தால் பிரிட்ஜ் சற்றே முன்னே சாய்ந்து, மற்ற ஐந்து கம்பிகளின் சுருதியும் இறங்கிவிடும். ஒரே மெட்டில் (ஃப்ரெட்டில்) கம்பியை இழுத்து மூன்று நான்கு சுரங்களைத் தொட்டுப் பழகிய உங்கள் கைக்கு இது பெரிய இடையூறாக இருக்கும். ஒரு கம்பியை அசையாமல் ஒலிக்கவிட்டு அடுத்த கம்பியை வளைக்கும்போது இந்தக் குறை உடனே காதில் படும். நிலையான பிரிட்ஜில் அந்தத் தொல்லை அறவே இல்லை.

இரண்டாவது காரணம் டியூனிங். பிளாக் சபாத்தின் டோனி அயோமி, தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் மெட்டுகளை அழுத்தும் கையே அது. மெல்லிய கம்பிகளைப் போட்டும், 1971 முதல் பல பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கியும் அவர் வாசித்தார். அந்தப் பாடல்களை இன்றும், மெட்டாலிக்காவை நாளையும் வாசிக்க நினைத்தால் டியூனிங்கை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். நிலையான பிரிட்ஜில் அது சில நிமிட வேலை. ஃப்ளாய்ட் ரோஸிலோ நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டையின்) பூட்டுகளைத் தளர்த்தி, சுருள்வில்களின் இறுக்கத்தை மாற்றி, ஒவ்வொரு கம்பியையும் மீண்டும் மீண்டும் சரிசெய்ய வேண்டும். விலை குறைந்த கிட்டார்களில் பிரிட்ஜ் ஊன்றி அசையும் கத்திமுனைகள் விரைவில் மழுங்கிச் சுருதியும் நிற்காது. ஆகவே நிலையான பிரிட்ஜையே வாங்குங்கள்.

24 மெட்டுள்ள கிட்டாராகத் தேர்ந்தெடுத்தால், வீணையைப் போலவே ஒரு கம்பியில் இரண்டு ஸ்தாயி கிடைக்கும். இடக்கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும்தான் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் மேல் லேசாகப் பதித்து, பிக்கால் கீழ்நோக்கி மட்டும் அடிக்கும் பாம் மியூட் பயிற்சியை முதல் நாளிலிருந்தே மெதுவாகத் தொடங்குங்கள். மெட்டலின் உயிர் அதில் இருக்கிறது.

வீணைவிரல் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நிலையான பிரிட்ஜ் என்று முடிவு செய்துவிட்டேன். எலக்ட்ரீசியனிடமும் பேசியாகிவிட்டது. இன்னும் இரண்டு ஐயங்கள்: டிராப் சி (தடித்த கம்பி சி சுரத்தில் நிற்கும் டியூனிங்) வரை இறக்கினால் எந்த அளவுக் கம்பி போட வேண்டும்? அப்பத்தாவின் உறக்கம் கெடாமல் வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) உட்கார்ந்து வாசிக்க வழியுண்டா?

இருபத்துநான்குமெட்டு எழுதியது:

25.5 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள கம்பி நீளம்) உள்ள கிட்டாரில் டிராப் சி வைக்க 11-54 தொகுதி (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) பொருத்தமாக இருக்கும். டிராப் டி (தடித்த கம்பியை மட்டும் டி சுரத்துக்கு இறக்குவது) மட்டும் போதுமென்றால் 10-46 போதும். தடித்த கம்பி போட்டால் கழுத்து முன்னோக்கி வளையும் என்பதால், டிரஸ் ராடையும் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) இன்டொனேஷனையும் (எல்லா மெட்டிலும் சுருதி சரியாக நிற்பது) விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள். அதற்கான பணத்தை 35,000 ரூபாயிலேயே ஒதுக்கிவையுங்கள். ஹெட்ஃபோன் துளை உள்ள மாடலிங் ஆம்ப் (பலவகை ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலாகப் போலி செய்வது) வாங்கினால் அப்பத்தாவுக்கும் தொல்லையில்லை. ஹெட்ஃபோன் இல்லாமல் வாசிக்கும்போது வளவு வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பதால், விரைவான பாம் மியூட் அடிகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். மெத்தையும் துணிகளும் உள்ள சிறிய உள்ளறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எர்த் வயரையும் அந்த அறைக்கே இழுக்கச் சொல்லுங்கள்.