மடிப்புப் போன் நம்ம ஊர் மணலுக்குத் தாங்குமா? ஐபி48 என்றால் என்னவென்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்

கல்லடி ரிப்பேர்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "இப்போது வருகிற மடிப்புப் போன் எல்லாம் ஐபி48. தண்ணீரும் தாங்கும், தூசியும் தாங்கும். பாசிக்குடாக் கடற்கரையில் வைத்துக்கூடப் பயமில்லாமல் பாவிக்கலாம். காசு இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்."

ஐபி என்பது தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற தரக்குறி. அந்த 48-இல் 8 தண்ணீருக்கு. ஒன்றரை மீற்றர் நன்னீரில் அரை மணித்தியாலம். அதில் எனக்குச் சண்டை இல்லை. முன்னால் நிற்கிற 4 என்ன? 1 மில்லிமீற்றரை விடப் பெரிய பொருள் உள்ளே போகாது. அவ்வளவுதான். தூசிக்குத் தடுப்பு என்பது 5-இல்தான் தொடங்குகிறது, முழுத் தடுப்பு 6. கல்லடிக் கடற்கரையில் இருந்து எழும்பும்போது காலில் ஒட்டியிருக்கிற மணலைப் பாருங்கள். அதில் 1 மில்லிமீற்றர் இருக்கிற மணி எத்தனை?

இந்த 48 போனைச் செய்கிற சாம்சங் தன் விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் கடற்கரையிலும் நீச்சல் தடாகத்திலும் பாவிக்க வேண்டாம் என்று போட்டிருக்கிறது. செய்தவனே வேண்டாம் என்கிறான், இவர் பாசிக்குடாவுக்குக் கொண்டு போகச் சொல்கிறார். இதை நம்பி யாராவது வெளிநாட்டுக் காசில் வாங்கினால் யார் பொறுப்பு?

மடிப்பு மச்சான்:
எழுதியது நான்தான், பெயரைப் போட்டே கேட்கலாம் அண்ணன். நான் கட்டட வேலையில் அளவுக் கணக்குப் பார்க்கிறவன். சைட்டில் நின்று பிளானைத் திறந்தால் 8 அங்குலத் திரையில் அறையின் அளவு தெளிவாகத் தெரியும். முன்பு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது இல்லை. சாம்சங்கின் புத்தகம்போல் திறக்கிற போல்ட் 7-இன் எடை 215 கிராம். அதே சாம்சங்கின் மடிக்காத எஸ்25 அல்ட்ரா 218 கிராம். மூடினால் 8.9 மில்லிமீற்றர் தடிப்பு. 5 இலட்சம் தடவை மடித்துச் சோதித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 200 தடவை மடித்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் வரும்.

சீமெந்துத் தூசிக்குள்தான் நிற்கிறேன். என் போனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரிப்பேர் கடையில் இருக்கிறவருக்கு உடைந்த போன்தான் கண்ணில் படும். உடையாதது கடைக்கு வராது.

கல்லடி ரிப்பேர்காரன்:
எடை கேட்கவில்லை. தடிப்பும் கேட்கவில்லை. 4 என்றால் என்ன என்று கேட்டேன். 1 மில்லிமீற்றர். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

அந்த 5 இலட்சம் தடவையும் அறைக்குள் மெசின் மடித்த கணக்கு. அங்கே கச்சான் காற்று அடிக்கவில்லை, சட்டைப் பைக்குள் மணல் இல்லை, வியர்வை இல்லை. முதல் போல்ட் வந்தபோதும் 2 இலட்சம் தடவை என்றுதான் சொன்னார்கள். 2019 ஏப்ரலில் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்தது சில நாளிலேயே பழுதாகி, விற்பனையையே தள்ளிப்போட்டு, செப்டெம்பரில்தான் விட்டார்கள். சில போனில் மடிகிற பிணைச்சல் பக்கத்து இடைவெளியால் துணிக்கை போய்த் திரைக்கு அடியில் வீங்கியது. மடித்த எண்ணிக்கையால் அல்ல, உள்ளே போன துணிக்கையால்.

வட்டைவிதானை:
நான் அக்கரைப்பற்றுப் பக்கம். ரிப்பேர்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. தங்கச்சி மகன் கட்டாரில் இருந்து மடிப்புப் போன் ஒன்று அனுப்பினான். என்ன கம்பனி என்று சொல்லி வம்பில் மாட்ட விருப்பமில்லை. வேளாண்மை வெட்டு நேரம் வயல் வட்டைக்குக் கொண்டு போனேன். வெட்டுமெசின் ஓடும்போது பதர்த் தூசி எப்படிப் பறக்கும் என்று வட்டையில் நின்றவனுக்குத்தான் தெரியும். கொஞ்ச நாளில் திறக்கும்போது நறநற என்று சத்தம். மறுகா நடுவில் கறுப்புக் கோடு. உத்தரவாதம் கேட்டால் வெளிநாட்டில் வாங்கியதற்கு இங்கே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

தேன்நாட்டுத் தங்கச்சி:
எல்லோரும் பெரிய மடிப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் பாவிப்பது மேலிருந்து கீழாக மடிகிற பிளிப். மூடினால் கைப்பையின் சின்ன அறைக்குள் போகும். பாதியாக மடித்து மேசையில் வைத்தால் ஸ்டாண்டே தேவையில்லை, பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் அப்படித்தான் பதிவு செய்து அனுப்புகிறேன். சாதாரண போனைப் புத்தகத்தில் சாய்த்து வைத்து அது விழுந்து விழுந்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

மடிப்பு மச்சான்:
பார்த்தீர்களா. பாவிக்கிறவர்கள் பேசட்டும்.

கல்லடி ரிப்பேர்காரன்:
தங்கச்சி, வகுப்பறையில் பாவிப்பதற்கு நான் எதிர்ப்பு இல்லை. அந்தப் பிளிப் எந்த வருடத்து மொடல்? 2021-இலிருந்து 2023 வரைக்கும் வந்த சாம்சங் என்றால் அதில் 4 கூட இல்லை, ஐபிஎக்ஸ்8. எக்ஸ் என்றால் தூசிக்கு எந்தத் தரமும் சொல்லவில்லை என்று அர்த்தம். 2024-இல் வந்த 6-ஆம் மொடலில்தான் 4 வந்தது. அதுவும் 1 மில்லிமீற்றர்.

தேன்நாட்டுத் தங்கச்சி:
நான் கடற்கரைக்குக் கொண்டு போகவில்லை என்கிறேன், நீங்கள் மொடல் கேட்கிறீர்கள்.

நிந்தவூர் நானா:
எல்லோருக்கும் ஒரு கேள்வி. வாங்கலாமா வேண்டாமா என்று பேச முதல், எதற்கு வாங்குவது என்று பிரித்துக்கொண்டால் என்ன? வேலைக்கா, விலைக்கா, எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்பதற்கா? அமெரிக்காவில் போல்ட் 7-ஐ 1,999 டொலருக்கு விட்டார்கள். நம்ம காசுக்கு ஏறத்தாழ 6 இலட்சம் ரூபா. அந்தக் காசுக்கு நல்ல சாதாரண போனும் ஒரு டெப்பும் எடுத்து மிச்சமும் வைக்கலாம். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே.

அப்புறம் ஒரு விசயம். கூகுளின் பிக்ஸல் 10 புரோ போல்ட் 2025-இல் ஐபி68 தரத்தோடு வந்தது. மடிப்புப் போனில் தூசித் தடுப்பே முடியாது என்பதும் சரியில்லை.

கல்லடி ரிப்பேர்காரன்:
நானா, முடியாது என்று நான் எங்கே எழுதினேன்? 48 தூசி தாங்கும் என்று சொன்னது பொய் என்றுதான் எழுதினேன். நீங்கள் சொல்கிற பிக்ஸல் 258 கிராம். அதைக் கூகுள் இலங்கையில் விற்பதே இல்லை. ஆரோ கொண்டுவந்ததை வாங்கி, பழுதானால் பாகத்துக்கு எங்கே ஓடுவது? இங்கே கடையில் காட்டுவது 48. 48-ஐப் பற்றிப் பேசுவோம்.

மடிப்பு மச்சான்:
48, 48, 48. வேறு பேச்சே இல்லையா? பிணைச்சலுக்குள் தூசியைக் கூட்டித் தள்ளுகிற நைலோன் தும்பு இருக்கிறது, 2020-இல் வந்த முதல் பிளிப்பிலேயே வைத்தார்கள். அதை மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

கல்லடி ரிப்பேர்காரன்:
சொல்கிறேன். தும்பு இருக்கிறது. இருந்தும் கம்பனி 5 என்று போடவில்லை, 4 என்றுதான் போட்டது. தும்பு எல்லாவற்றையும் தடுக்குமென்றால் 5 என்று போட்டுப் பெருமையாக விற்றிருப்பார்களே.

உள்திரையில் இருக்கிற கண்ணாடியின் தடிப்பு மயிர் அளவுகூட வராது. அதற்கு மேலே இருப்பது பிளாஸ்திக். நகம் பட்டாலே தடம் விழும். திறந்திருக்கும்போது மேலே ஒரு மணல் கிடந்து, அதைப் பார்க்காமல் நீங்கள் மடித்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து அந்த மணலை அமத்தும். சாதாரண போனில் மணல் பட்டால் கீறல். இதில் மணல் பட்டால் திரையே போய்விடும். உள்திரை மாற்றுகிற காசுக்கு நல்ல போன் ஒன்றே எடுக்கலாம். இது என் மேசையில் நான் காண்கிறது. யூடியூப்பில் பார்த்துச் சொல்லவில்லை.

வட்டைவிதானை:
அதுதான் உண்மை. மச்சான் வட்டைக்கு ஒரு நாள் வரட்டும்.

மடிப்பு மச்சான்:
வட்டைவிதானை அண்ணன், வெட்டுமெசினுக்குப் பக்கத்தில் எந்தப் போனும் பாழாகும். அதை வைத்து மடிப்புப் போனையே பிழை சொல்வது நியாயமில்லை. அதோடு வெளிநாட்டுப் போனுக்கு உத்தரவாதம் கேட்டுப் போனது உங்கள் தவறு. வாங்க முதலே போனின் அடையாள இலக்கமான ஐஎம்ஈஐயை 1909-க்கு அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்ததா என்று பார்த்திருக்க வேண்டும்.

வட்டைவிதானை:
அன்பளிப்பாக வந்ததை 1909-க்கு அனுப்பிப் பார்த்துவிட்டா கையில் வாங்குவது? பிள்ளை வெயிலில் கஷ்டப்பட்டு அனுப்பியது. பேச்சைப் பார்த்துப் பேசுங்கள். அந்தப் பதிவுக்கும் உத்தரவாதத்துக்கும் சம்பந்தமும் இல்லை. சிம் வேலை செய்ததா என்று நான் கேட்கவில்லை, திரை ஏன் போனது என்று கேட்டேன்.

நிந்தவூர் நானா:
உத்தரவாதம் வேண்டுமென்றால் இங்கேயே பில்லோடு எடுக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து போனுக்கும் 18 வீதம் வற் வரி வந்தபிறகு வெளிநாட்டில் இருந்து எடுப்பிப்பவர்கள் கூடிவிட்டார்கள். கல்முனையில் பில் தருகிற கடைகள் இருக்கின்றன, விசாரித்து எடுங்கள்.

தேன்நாட்டுத் தங்கச்சி:
கல்முனை ஏன்? காத்தான்குடியில் அதைவிடக் குறைவுக்கு எடுக்கலாம். நான் அங்கேதான் எடுத்தேன், பில்லும் தந்தார்கள்.

நிந்தவூர் நானா:
குறைவு என்றால் எவ்வளவு குறைவு? போன மாதம் இரண்டு ஊரிலும் கேட்டேன். கல்முனைதான் குறைவு.

தேன்நாட்டுத் தங்கச்சி:
நானா ஊர்ப்பாசத்தில் பேசுகிறீர்கள்.

கல்லடி ரிப்பேர்காரன்:
விலையை விடுங்கள். பாசிக்குடா மணலுக்கு வாருங்கள். மச்சான் எழுதியதை இன்னும் அழிக்கவில்லை. அங்கே மணல் மாவு போல நைசு. 1 மில்லிமீற்றர் தடுப்பு அதற்கு முன்னால் என்ன செய்யும்?

அறுகம்பே அலை:
பாசிக்குடா மணல் நைசா? அறுகம்பேயில் வந்து பாருங்கள். அலை ஏறுகிற வெள்ளைக்காரர்கள் போனை உறைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டுதான் கடற்கரைக்கு இறங்குகிறார்கள்.

கல்லடி ரிப்பேர்காரன்:
தம்பி, நான் பாசிக்குடாவில் வேலை செய்தவன். அங்கத்தை மணல் எனக்குத் தெரியும்.

அறுகம்பே அலை:
நான் பொத்துவிலிலேயே பிறந்தவன். மட்டக்களப்புக்காரர் எதை எடுத்தாலும் தங்களுடையதுதான் என்பார்கள்.

மடிப்பு மச்சான்:
இவருக்கு எதை எடுத்தாலும் தான் சொல்வதுதான். எனக்கு இவரைத் தெரியும். போன வருடம் இவரிடம்தான் என் பழைய போனின் சார்ஜ் ஏற்றுகிற இடத்தை மாற்றினேன். ஒரு கிழமையில் திரும்பவும் பழுது. கேட்டதற்கு நான் தண்ணீரில் போட்டேன் என்றார். அப்படிப்பட்டவர் எனக்கு 4-ம் 8-ம் படிப்பிக்கிறார்.

கல்லடி ரிப்பேர்காரன்:
வந்ததா வெளியில்! இவ்வளவு நேரமும் மனதில் வைத்திருந்தது இதுதான். அந்தப் போனுக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. தண்ணீர் போகாமல் பச்சை பிடிக்காது. உங்கள் கண்ணுக்கு முன்னால்தான் கழற்றிக் காட்டினேன். காசும் முழுவதாக வாங்கவில்லை. அதை இங்கே கொண்டுவந்தால் 4 என்பது 6 ஆகிவிடுமா?

மடிப்பு மச்சான்:
பச்சை நீங்கள் மாற்றின பிறகு வந்தது.

கல்லடி ரிப்பேர்காரன்:
கடைக்கு வாருங்கள், ஆட்களை வைத்துப் பேசுவோம். அதற்கு முதல் எழுதியதைத் திருத்துங்கள். "தூசியும் தாங்கும்" என்பதை எடுத்துவிட்டு "1 மில்லிமீற்றரை விடப் பெரிய துணிக்கையை மட்டும் தடுக்கும்" என்று போடுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான்.

மடிப்பு மச்சான்:
திருத்த மாட்டேன். என் போன் தாங்குகிறது. நான் கண்டதைத்தான் எழுதினேன்.

நிந்தவூர் நானா:
என்னுடைய கேள்வி அப்படியே கிடக்கிறது. 6 இலட்சத்துக்கு எத்தனை வருடம் உழைத்தால் போதும் என்று யாராவது சொல்லுங்களேன்.

ஏறாவூர் பொடியன்:
அண்ணன்மார், நான் பழைய போல்ட் ஒன்று பாவித்ததாக வாங்கியிருக்கிறேன். உள்திரையில் ஒட்டியிருக்கிற பிலிம் நடுவில் குமிழி போல் எழும்பியிருக்கிறது. கழற்றலாமா?

கல்லடி ரிப்பேர்காரன்:
கழற்றாதே தம்பி. 2019-இல் அந்த மேல் உறையைப் பிலிம் என்று நினைத்து உரித்துத்தான் சிலர் திரையைக் கெடுத்தார்கள். பிறகு வந்த மொடல்களில் மாற்றலாம், ஆனால் நகத்தால் கிளப்பக் கூடாது, சூடு காட்டி மெதுவாக எடுக்க வேண்டும். அதுவரைக்கும் திறந்து மூடுவதைக் குறை, குமிழிக்குள் தூசி போகும். நாளைக்குக் கடைக்குக் கொண்டு வா.

மடிப்பு மச்சான்:
கொண்டு போகாதே. கொழும்பில் கம்பனியின் சேவை நிலையத்துக்கு அனுப்பு. இங்கே கொடுத்தால் பிறகு தண்ணீரில் போட்டாய் என்பார்கள்.

கல்லடி ரிப்பேர்காரன்:
ஒரு பிலிமுக்குக் கொழும்பு வரைக்கும் பஸ் ஏறச் சொல்கிறார். தம்பி, முதலில் மொடல் இலக்கத்தைப் போடு, அந்தப் பிலிம் என்னிடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

ஏறாவூர் பொடியன்:
போல்ட் 4 அண்ணன். பில் இல்லை. கொழும்பில் எடுப்பார்களா?

வட்டைவிதானை:
பில் இல்லாமல் எடுத்தாயா? அதையும் மச்சானிடமே கேள், அவர்தானே யோசிக்காமல் வாங்கச் சொன்னவர்.