வாங்குன பொம்மைய பெட்டியில வைக்க மாட்டேங்குறா, என்ன பண்ணலாம்?

டர்பன் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். சேலத்துலேர்ந்து தென்னாப்பிரிக்கா டர்பன் வந்து 3 வருஷம் ஆகுது. பொண்ணுக்கு 7 வயசு, இந்த வருஷம் சான்ட்டா ஷூபாக்ஸ்ல, அதாவது வசதியில்லாத குழந்தைங்களுக்கு வருஷக் கடைசியில ஷூ பெட்டியில பரிசு வச்சுக் குடுக்குற திட்டத்துல, ஒரு குழந்தைக்கு பெட்டி குடுக்குறோம்னு பதிஞ்சுட்டோம், அதுவும் 7 வயசுப் பொண்ணுதான். பிரஷ், பேஸ்ட், சோப்பு, முகம் தொடைக்கிற துணி, மிட்டாய், நோட்டு பென்சில், ஒரு செட் டிரஸ், ஒரு பொம்மை, ஆக 8 வகை, எல்லாம் புதுசா இருக்கணும். கடையில பொம்மைய அவளே பாத்து பாத்து எடுத்தா, வீட்டுக்கு வந்து பெட்டியில வைடான்னா கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை, என் பழைய பொம்மைய வைங்கிறா. பழசு வாங்கிக்க மாட்டாங்க. அவ அப்பா புடுங்கி வச்சிடு, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்கிறாரு. புடுங்கி வச்சா அது அவ குடுத்ததா எப்படி ஆகும்? எனக்கு மனசே வரல. அடுத்த வாரம் கொண்டுபோய் சேக்கணும், யாராவது சொல்லுங்க.

சாட்ஸ்வர்த் ஆயா:
கண்ணு, புடுங்காத. நான் இங்கயே பொறந்தவ, தமிழ் எங்க ஆயா சொல்லிக் குடுத்தது. சின்ன வயசுல எங்க வீட்ல உலை வைக்கும்போதெல்லாம் ஒரு புடி அரிசி தனி டப்பாவுல போடணும், கோயில் அன்னதானத்துக்கு, அது பிள்ளைங்க வேலை. வசதியான வீடு இல்ல, ஆனாலும் அந்தப் புடி நிக்காது. கை சின்னதுலேர்ந்து பழகுச்சு. உம் பொண்ணு கை இன்னும் பழகல, எடுத்த எடுப்புலயே ஆசைப்பட்ட பொம்மைய குடுன்னா தவிக்கத்தான் செய்யும். தீபாவளிக்கு பக்கத்து வீடுகளுக்கு பலகாரத் தட்டு போகும்ல, அத அவ கையில குடுத்து அனுப்பு, நீ போகாத.

ஃபீனிக்ஸ்காரன்:
அக்கா, நான் 4 வருஷமா பெட்டி சரிபாக்குற இடத்துல உதவிக்குப் போறேன். 2006-ல கேப்டவுன்ல 180 பெட்டியோட ஆரம்பிச்சது இது, இன்னிக்கு எங்கயோ போயிடுச்சு. பெட்டி மூடிக்குத் தனியா காகிதம் ஒட்டுங்க, நாங்க தொறந்து பாக்கணும், சேத்து ஒட்டுனா கிழிக்க வேண்டியிருக்கு. டிசம்பர்ல இங்க வெயில், ஸ்வெட்டர் வேண்டாம், கவுன் இல்லன்னா ஷார்ட்ஸ் டிஷர்ட் போதும். ஜனவரியில ஸ்கூல் தொறக்கும், அதனால பென்சில் நோட்டு நல்லதா பாத்து வைங்க. மிட்டாய் தேதி பாருங்க, இது ரொம்பப் பேர் விட்டுடுறாங்க.

பொம்மை விஷயத்துல ஒண்ணே ஒண்ணு, "அந்தப் பாப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல, பாவம்"னு மட்டும் சொல்லாதீங்க. என் பையன்கிட்ட அப்படிச் சொல்லித்தான் நான் தப்பு பண்ணேன், அவன் குடுத்தான், ஆனா தான் உசத்திங்கிற நெனப்போட குடுத்தான், அத மாத்த எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. அந்தக் குழந்தை பேர் உங்களுக்குத் தெரியும்ல, பேர் சொல்லிப் பேசுங்க. அவளுக்கு என்ன கலர் புடிக்கும், என்ன வெளையாடுவான்னு ரெண்டு பேரும் யோசிங்க, போதும்.

ஜோபர்க் சேலத்தான்:
நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு ஞாபகம் வருது. புரட்டாசி சனிக்கிழமை நெத்தியில நாமம் போட்டு, கையில செம்போட கோவிந்தா கோவிந்தான்னு வீடு வீடா அரிசி வாங்கப் போவோம். எங்க வீட்ல மூட்டை மூட்டையா நெல்லு கெடந்துச்சு, ஆனாலும் அப்பா அனுப்புவாரு. ஒரு வீட்ல கதவு தொறக்காம போனா எப்படி இருக்கும், ஒரு பாட்டி செம்பு நெறைய போட்டா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நம்ம பிள்ளைங்க இங்க குடுக்குற பக்கம் மட்டுமே நிக்குதுங்க, யார்கிட்டயும் எதுவும் வாங்கி நின்னதில்ல. ஷூபாக்ஸ் வேண்டாம்னு சொல்லல, ஆனா அது மட்டும் பத்தாதுன்னு தோணுது.

டர்பன் அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவர்கிட்டயும் படிச்சுக் காமிச்சேன், சரி விடுன்னுட்டாரு. நேத்து அவளே எல்லாத்தையும் எடுத்து அடுக்குனா, எண்ணிப் பாத்து "7 இருக்கு"ன்னா, நான் ஒண்ணும் கேக்கல. ராத்திரி பொம்மையோட படுத்திருந்தா, லைட் அணைக்கப் போனப்போ அந்தப் பாப்பா பேரச் சொல்லி அவளும் பொம்மைய கட்டிக்கிட்டுத் தூங்குவாளாம்மான்னு கேட்டா. தெரியல கண்ணு, தூங்கலாம்னு சொன்னேன். பெட்டி மூடாமத்தான் மேசை மேல இருக்கு, இன்னும் 4 நாள் இருக்கு.