வார்டு மூடினதுக்கு எதிரான ரிட்: எங்க சறுக்குது?

மேலூர் ரோடு:
தாலுகா ஆஸ்பத்திரி ஒண்ணு. வார்டை மூடிட்டாங்க, ஊர்க்காரங்க ஐகோர்ட் மதுரைக் கிளையில ரிட் (அரசு செஞ்சதை எதிர்த்து நேரா ஐகோர்ட்டுல போடுற மனு) போட்டாங்க. "கோரிக்கை மனுவை 12 வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்"னு உத்தரவு. ஜெயிச்சாச்சுன்னு ஊரே சந்தோஷப்பட்டுச்சு. கடைசி வாரத்துல நாலு வரிப் பதில்: ஆள் பற்றாக்குறை, நிராகரிக்கப்படுகிறது. கட்டிலெல்லாம் இன்னும் வராந்தாவுலதான். கால்ல பச்சைப் பெயிண்ட்ல 19, 20, 21னு நம்பர், மேல சுருட்டி வச்ச மெத்தை. அந்த நம்பர் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஒத்தக்கடை குமாஸ்தா:
அண்ணே, அந்த நாலு வரிதான் அடுத்த வழக்குக்கு உயிர். மாண்டமஸ், அதாவது இதைச் செய்யுன்னு அதிகாரிக்கு கோர்ட் போடுற உத்தரவு, அது மட்டும் கேட்டா பத்தாது. அந்தக் கடிதத்தை ரத்து பண்ணச் சொல்லி செர்ஷியோராரியும் சேர்த்துக் கேக்கணும். எதிர்மனுதாரரையும் பாத்துப் போடுங்க. தாலுகா ஆஸ்பத்திரின்னா மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநர், மாவட்ட இணை இயக்குநர். ஆரம்ப சுகாதார நிலையம்னா பொது சுகாதார இயக்குநர். மருத்துவக் கல்லூரி சேர்ந்த பெரியாஸ்பத்திரின்னா மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநர், டீன். கலெக்டரை மட்டும் போட்டா வாய்தாதான் மிச்சம்.

வைகைக்கரை:
குமாஸ்தா சார் சொல்றது பேப்பர் கையில இருந்தாத்தான். பல இடத்துல உத்தரவே கிடையாது, வாய்வார்த்தையில மூடிடுறாங்க. அதனால முதல்ல ஆர்டிஐ, தகவல் உரிமைச் சட்ட மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டுங்க. "ஏன் மூடினீங்க"ன்னு கேக்காதீங்க. அது காரணம் கேக்குறது, தகவல் இல்லன்னு தள்ளிடுவாங்க. அனுமதிக்கப்பட்ட படுக்கை எத்தனை, எந்த அரசாணைப்படி. கடந்த 24 மாச ராத்திரி 12 மணி சென்சஸ் (அந்த நேரத்துல வார்டுல இருக்குற நோயாளிகள் எண்ணிக்கை) நகல். டாக்டர், செவிலியர் யார் யார் எந்தத் தேதியில மாற்றுப்பணிக்கு, அதாவது வேற இடத்து வேலைக்கு, போனாங்க. இது மூணும் போதும். 30 நாள்ல பதில் வரலைன்னா அடுத்த 30 நாளைக்குள்ள அதே சட்டத்தோட 19(1) பிரிவுல மேல்முறையீடு.

சென்சஸ்தான் கத்தி. "நோயாளியே வரல, அதான் குறைச்சோம்"னு அவங்களும் அதைத்தான் நீட்டுவாங்க. மாற்றுப்பணித் தேதியைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. டாக்டர் போன வாரத்துல இருந்து எண்ணிக்கை இறங்கியிருந்தா, கட்டிலைக் காலியாக்கினது நோயாளி இல்ல, நிர்வாகம். இந்த அட்டவணை ஒரு பக்கம் இருந்தாப் போதும், மனு நிக்கும்.

திருமங்கலம் வாசகர்:
1996ல சுப்ரீம் கோர்ட் கொடுத்த மேற்கு வங்கத் தீர்ப்பை எல்லா மனுவுலயும் ஒட்டுறாங்க, அதுதான் உறுத்துது. ரயில்ல இருந்து விழுந்தவரை அரசு ஆஸ்பத்திரிகள் ஒண்ணு மாத்தி ஒண்ணு திருப்பி அனுப்பின வழக்கு அது. படுக்கை இல்லைங்கிறதும் அங்க சொன்ன காரணம். 25,000 ரூபாய் இழப்பீடு கொடுத்தாங்க, பணமில்லைன்னு அரசு கடமையிலிருந்து நழுவ முடியாதுன்னும் சொன்னாங்க. விபத்து, பிரசவ வார்டுக்கு அது பலம். சாதாரண வார்டுக்கு அதையே நம்பினா "கொள்கை முடிவு, கோர்ட் தலையிடாது"ன்னு ஒரே வரியில முடிஞ்சிரும். அங்க அரசாணையை அவங்களே மீறினதைத்தான் பிடிக்கணும்.

மேலூர் ரோடு அண்ணே, அந்தக் கட்டில் நம்பரைத் தேதியோட போட்டோ எடுங்க. ஆஸ்பத்திரி இருப்புப் பதிவேட்டு நகலையும் ஆர்டிஐயில கேளுங்க. பதிவேட்டுல 19, 20, 21 வார்டுக்குள்ள இருக்குன்னு எழுதியிருந்தா, ரெண்டையும் ஒரே பக்கத்துல ஒட்டி டைப்செட்டுல (மனுவோட கோர்ட்டுல கொடுக்குற ஆவணத் தொகுப்புல) சேருங்க.