பவர் ஸ்டீரிங் பெட்டியும் அதன் எண்ணெய்க் கசிவும்: கலைச்சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

லாரிகளின் பவர் ஸ்டீரிங் கியர் பாக்ஸுக்கு (ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் திருப்புவதை எண்ணெய் அழுத்தத்தின் துணையோடு முன்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பெட்டிக்கு) 'ஆற்றல் திசைமாற்றிப் பற்சக்கரப் பெட்டி' என்னும் சொல் இந்த இழையில் முன்வைக்கப்பட்டுள்ளது. பழுதுநீக்கும் கையேட்டுக்காகவே நாம் சொல் தேடுகிறோம். ஆகவே, அந்தப் பெட்டியில் எண்ணெய் கசியும்போது மெக்கானிக் எதை, எங்கே பார்க்கிறார் என்பதைக் கொண்டே சொல்லை எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன்.

முதலில் 'ஆற்றல்'. இயற்பியல் பாடநூல்களில் எனர்ஜிக்கு ஆற்றல் என்றும் பவருக்குத் திறன் என்றும் சொற்கள் நிலைபெற்றுவிட்டன. இரண்டுமே இங்கே பொருந்தவில்லை. ஓட்டுநர் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது உள்ளிருக்கும் முறுக்குத் தண்டு சற்றே முறுகிச் சுழல் வால்வைத் திறக்கிறது. பம்பு அனுப்பும் எண்ணெய் பிஸ்டனின் ஒரு பக்கம் பாய்ந்து அதைத் தள்ளுகிறது. பிஸ்டனில் வெட்டப்பட்டுள்ள பற்கள் செக்டர் ஷாஃப்ட் என்னும் பல்வெட்டிய தண்டைச் சுழற்ற, அதன் முனையில் மாட்டிய டிராப் ஆர்ம் என்னும் நெம்புகோல் முன்சக்கரங்களைத் திருப்புகிறது. எண்ணெய் முழுவதும் ஒழுகிப் போனாலும் வார்ம் (திருகுத் தண்டு), குண்டுகள், நட்டு என்னும் இயந்திர இணைப்பு அப்படியே இருக்கும். ஸ்டீரிங் கல்லாய்க் கனக்கும், பாரவண்டியை அந்நிலையில் ஓட்டுவது ஆபத்து. ஆயினும் சக்கரத்துக்கும் கைக்கும் உள்ள தொடர்பு அறுவதில்லை. கசிவால் இழப்பது எண்ணெய் தந்த துணையை மட்டுமே. எனவே 'நீர்மத் துணை' என்பதே சரியான அடைமொழி.

'பற்சக்கரப் பெட்டி' என்பதையும் ஏற்க இயலவில்லை. எஞ்சினுக்குப் பின்னுள்ள கியர் பாக்ஸுக்கு அப்பெயர் வழங்கிவருவதால், 'பற்சக்கரப் பெட்டியில் கசிவு' என்று எழுதினால் படிப்பவர் வண்டியின் வேறோர் இடத்தில் தேடுவார். பட்டறையில் இந்தக் குழப்பம் இல்லை; அங்கே 'ஸ்டீரிங் பாக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அதன் வழியே 'திருப்புப்பெட்டி' என்று வைக்கலாம். முழுப்பெயர் தேவைப்படும் இடத்தில் 'நீர்மத் துணைத் திருப்புப்பெட்டி' எனலாம். 'சுக்கான் பெட்டி' என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அழகிய பழஞ்சொல்தான், ஆனால் சுக்கான் என்பது நீரில் நின்று கலத்தைத் திருப்பும் உறுப்பு. அதைக் கப்பலுக்கே விட்டுவைப்போம்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஆயில் சீல். சில மொழிபெயர்ப்புகளில் இதை 'எண்ணெய் முத்திரை' என்று கண்டு வருந்தினேன். இது தண்டைத் தழுவி நின்று எண்ணெயை அடைக்கும் வளையம். 'அடைவளையம்' என்றால் போதும். செக்டர் ஷாஃப்ட்டின் அடிப்பகுதியில் பொதுவாக இரண்டு அடுக்காகக் காப்பு இருக்கும். உள்ளே இருப்பது அழுத்த அடைவளையம். அதன் உதடு (தண்டைத் தொடும் மெல்லிய விளிம்பு) எண்ணெய் வரும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். வெளியே இருப்பது தூசு அடைவளையம். அது கிழிந்தால் சேறும் மணலும் புகுந்து தண்டில் துரு ஏறும், அந்தத் துருக்குழிகள் உள்வளையத்தின் உதட்டை அராவிவிடும். தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால், புதிய வளையம் போட்டாலும் சில நாளில் மீண்டும் கசியும். இரண்டுக்கும் தனிப்பெயர் இருந்தால்தான் கையேட்டில் இதைத் தெளிவாக எழுத முடியும்.

கசிவைக் குறிக்க நம்மிடம் சொல்வளம் உண்டு; எல்லாவற்றையும் 'கசிவு' என்றே எழுதுவது வீண். வெளிப்புறம் ஈரமாகித் தூசு ஒட்டியிருந்தால் 'கசிவு', துளி துளியாக விழுந்தால் 'சொட்டு', இடைவிடாமல் வழிந்தால் 'ஒழுக்கு' என வரையறுக்கலாம். முதலாவதைக் கவனித்துவரலாம், மற்ற இரண்டுக்கும் வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் சொற்கள் காட்ட வேண்டும். மேலே, ஸ்டீரிங் தண்டு நுழையும் இடத்தில் கசியும் எண்ணெய், பெட்டியின் உடல்வழியே இறங்கி டிராப் ஆர்மில் வந்து சொட்டும். கீழே உள்ள வளையம் போய்விட்டதென்று எண்ணி, டிராப் ஆர்மைப் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு வீணாகக் கழற்றுவார்கள். வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீரிங்கை இருபுறமும் திருப்ப மற்றவர் பார்த்தால் மூலம் தெரிந்துவிடும். கடைசிவரை திருப்பிய நிலையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. அங்கே அழுத்தம் உச்சத்தில் இருக்கும். ஆகவே எண்ணெய் வெளியேறும் இடத்துக்குக் 'கசிவிடம்', அது வந்து விழும் இடத்துக்குச் 'சொட்டிடம்' என்று இரு சொற்களைப் பிரித்து வைக்க வேண்டுகிறேன்.

கலைச்சொல் பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் டிராப் ஆர்ம், ஆயில் சீல், ஸ்டீரிங் பாக்ஸ் போன்ற பட்டறைச் சொற்களும் இணைச்சொற்களாக இடம்பெற வேண்டும். செக்டர் ஷாஃப்ட்டுக்கு 'வட்டக்கூற்றுத் தண்டு' என்பதை ஒருவர் பரிந்துரைத்தார்; அது வடிவத்தைச் சரியாகச் சொல்கிறது, மாற்றுக் கருத்து இல்லையெனில் அதையே ஏற்கலாம்.