ட்ரெய்லர் கூரை ஒழுகல்: கறை ஒரு பக்கம், ஓட்டை வேறு பக்கம்

எங்களுடையது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே தங்கும் ட்ரெய்லர், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஹூஸ்டன் மழையில் கட்டிலுக்கு மேலே சீலிங்கில் பழுப்புக் கறை வந்தது. நேர் மேலே டேப் ஒட்டினால் போதும் என்றார்கள். ஏறிப் பார்த்தால் அந்த இடத்தில் ரப்பர் கூரைக்கு ஒன்றுமே ஆகவில்லை. உள்ளே நுழையும் தண்ணீர் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சில அடி ஓடி, பள்ளம் கண்ட இடத்தில்தான் சொட்டும்.

ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது சோப்புத் தண்ணீர். ஜன்னல், கதவெல்லாம் மூடி, கூரை வென்ட் வழியாக ப்ளோயரால் மெதுவாகக் காற்றை உள்ளே செலுத்திக்கொண்டு, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தோம். கூரையும் முன்முகப்பும் சேரும் இடத்தில் நுரை கொப்பளித்தது.

அங்கே முன்பு வைத்திருந்த புண்ணியவான் சிலிக்கானை அப்பியிருந்தார். கூரையில் போர்த்தியிருக்கும் ஈபிடிஎம் என்ற ரப்பரில் அது நிலைத்துப் பிடிக்காது. போதாக்குறைக்கு, அதன் பிசுக்கு மிச்சமிருந்தால் மேலே வேறு எதுவும் ஒட்டாது. மொத்த வேலையில் முக்கால்வாசி அதைச் சுரண்டியதுதான். பிளாஸ்டிக் சுரண்டியே நல்லது, இரும்பு பட்டால் ரப்பர் கிழியும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தோம்.

அந்த இணைப்பை மூடியிருந்த பட்டையைக் கழற்றினால் அடியில் ப்ளைவுட் ஊறிய ரொட்டியாகக் கிடந்தது, ஸ்க்ரூ பிடிக்கவில்லை. அழுகியதை வெட்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதுத் துண்டு வைத்தோம். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே பூசணம் பிடிக்கும். பட்டைக்கு அடியில் பியூட்டைல் டேப் (இரு பக்கமும் ஒட்டும் ரப்பர் டேப்), ஸ்க்ரூ தலைகளின் மேல் டைகோர் கம்பெனியின் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை). தானாகப் பரவும் வகை தட்டையான இடத்துக்கு மட்டும்தான். சரிவுக்கு வழியாத வகை தனியாகக் கிடைக்கிறது.

மறுமொழி (டல்லாஸ்): எங்களுக்கு ஒழுகியது ஏசி அடியில். ஏசிக்காகக் கூரையில் வெட்டியிருக்கும் 14 அங்குலச் சதுர ஓட்டையைச் சுற்றியிருக்கும் கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் மெத்தைப் பட்டை) நாளடைவில் தட்டையாகிவிடும். உள்ளே கவரைக் கழற்றி நாலு போல்ட்டையும் ஒரே அளவாக இறுக்கினேன், நின்றுவிட்டது. ரொம்ப இறுக்கினால் கேஸ்கெட் நசுங்கிப் பிதுங்கும். வெளியே ஏசியைச் சுற்றி சீலன்ட் அடைக்க வேண்டாம், ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போகும்.

மறுமொழி (ஆஸ்டின்): அண்ணா, இன்சூரன்ஸில் கேட்டுப் பார்த்தீர்களா?

ஹூஸ்டன்: கேட்டேன் தம்பி. மரக்கிளை விழுந்து கிழிந்திருந்தால் பேசலாம், நாள்பட்ட கசிவு பராமரிப்புக் கணக்கு என்று கைவிரித்துவிட்டார்கள். ட்ரெய்லரோடு வந்த கையேட்டைப் பாருங்கள், 90 நாளுக்கு ஒருமுறை சீலன்ட்டைச் சோதிக்கச் சொல்லும் கம்பெனிகள் நிறைய. மேலே ஏறும் முன் கூரை ஆள் எடையைத் தாங்குமா என்று அதிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கும் என்றாலும் ஒரு ப்ளைவுட் பலகையைப் போட்டு அதன்மேல் முட்டி போடுங்கள்.